குட்டி முகவரி

“‘நாம வீடு மாறிட்டோம்னு தெரியாம யாராவது பழைய வீட்டுக்குப் போனா, பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க தாத்தா?’ இப்படித்தான் என் பேத்தி ஒரு நாள் கேட்டா. அதனாலதான் இதைச் செஞ்சேன் மேடம்.”

விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி சிரிக்கவில்லை. மடியிலிருந்த கோப்பைத் திறந்தாள்.

“பேத்தி கேட்டாங்கறதுக்காக, ரிட்டயர் ஆனவர் அரசாங்க இணையக் கணக்குக்குள்ள நுழையலாமா சார்? நாலு வருஷத்துல பதினொரு தடவை நுழைஞ்சிருக்கீங்க.”

“பன்னெண்டு” என்றார் ஸ்டிக்கர் சார்.

“ரொம்ப முக்கியம்!” சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “அவங்களே குறைச்சுச் சொல்றாங்க, இவரு கூட்டிச் சொல்றாரு. கல்யாண நாள் மட்டும் ஒரு வருஷமும் ஞாபகம் வராது!”

அவர் மருத்துவத் துறையில் தட்டச்சராக இருந்தவர். காது கேளாத குழந்தைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்யும் திட்டம் ஒன்று அந்தத் துறையில் உண்டு. ஆறு வயது முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் கிடையாது. விண்ணப்பப் பக்கத்தின் இணைய முகவரியோ ரயில் நீளத்துக்கு நூற்று முப்பத்தோரு எழுத்து. அரசு இணையதளங்களுக்கென்றே உள்ள சுருக்கச் சேவையில் அதைக் கொடுத்து, ஒரே மூச்சில் படிக்கிற குட்டி முகவரியாக வாங்கினார். ஸ்டிக்கர் அடித்து, மருந்துக் கடை, மருத்துவமனை, பஸ் நிலையம் என்று தன் கையாலேயே ஒட்டினார். அப்படி வந்த பெயர்தான் ஸ்டிக்கர் சார்.

துறை அந்தப் பக்கத்தை அடிக்கடி வேறு இடத்துக்கு மாற்றும். குட்டி முகவரியையும் புதிய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றாது. ஓய்வு பெற்ற பிறகும், அந்தச் சேவையில் துறை மூட மறந்துபோன தன் கணக்கில் நுழைந்து, அவரே திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

“எழுதிக் கேட்டிருக்கலாமே?”

“ஏழு கடிதம் போட்டேன். ஏழுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’னு ஒரே பதில். தேதியைக்கூட மாத்தல.”

“விதிப்படி உங்க கணக்கை இன்னைக்கே மூடணும். அதுல உருவான குட்டி முகவரியும் ரத்தாகும்.”

அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“கணக்கை மூடுங்க. என் மேல கேஸ் போடுங்க, வந்து நிக்கிறேன். அந்த முகவரியை மட்டும் தொடாதீங்க. சுருக்கின லிங்க்னாலே ஜனங்க பயப்படறாங்க மேடம். இந்தச் சேவை அரசாங்கப் பக்கத்தை மட்டும்தான் சுருக்கிக் கொடுக்கும்னு தெரிஞ்சுதான் இதை நம்பித் தட்டறாங்க. தட்டினா பக்கமே இல்லன்னு வந்தா, அந்தக் குழந்தையோட கதி?”

“வேலையில இருக்கிற ஒருத்தர் தன் பேர்ல பொறுப்பு எடுத்துக்கிட்டா ரத்தாகாது. அதுக்கு ஒரு படிவம் இருக்கு. ஆனா, பக்கம் மாறுதான்னு தினமும் பார்க்கணும். தப்பு நடந்தா அவங்க தலைதான் உருளும். இதுவரைக்கும் அந்தப் படிவத்தை யாரும் சீந்தினதே இல்ல.”

“நீங்க எடுத்துக்கக் கூடாதா?”

“நான் விசாரிக்க வந்தவ சார்.”

அவள் அடுத்த தாளைப் புரட்டினாள்.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் பக்கம் மாறியிருக்கு. சாயந்திரம் நாலரைக்கு நீங்க திருப்பிவிட்டிருக்கீங்க.”

“அன்னைக்கா?” மனைவி கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள். “நூத்தி மூணு ஜுரம்மா! போர்வைக்குள்ள உக்காந்துக்கிட்டு, ‘கண்ணாடியைக் குடு, கண்ணாடியைக் குடு’ன்னு உயிரை வாங்கினாரு.”

“அன்னைக்கு முழுக்க அந்த முகவரி வழியா வந்தது ஒரே ஒருத்தர்” என்றாள் அதிகாரி. “ஒருத்தருக்காகவா சார் இவ்வளவு பெரிய விதிமீறல்?”

ஸ்டிக்கர் சாரின் முகம் மலர்ந்தது. “வந்தாங்களா? ஏய், கேட்டியா, ஒருத்தர் வந்தாங்களாம்! அன்னைக்குத் திருப்பிவிட்டது யாருக்காவது உதவிச்சான்னு மூணு வருஷமா மனசுல கிடந்து உறுத்தின சந்தேகம் மேடம். விசாரணைத் தாள்ல எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க.”

போட்டார். பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: “நாளைக்குக் காலையில உங்க ஆஃபீஸ் வாசல்ல வந்து உக்காருவேன். அந்தப் படிவத்துல யாராவது ஒருத்தர் பேர் எழுதற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.”

“அது உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது எல்லா நாற்காலிகளும் காலியாக இருந்தன. அவருடைய கணக்கை மூடினாள். ‘கெட்ட நோக்கம் எதுவுமில்லை, மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று அறிக்கையை முடித்தாள். பிறகு யாரும் தொடாத அந்தப் படிவத்தைத் திறந்து, பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். காரணம் என்ற இடத்தில் ‘பொது நலன்’ என்று மட்டும் போட்டு அனுப்பினாள்.

கைப்பேசி அழைத்தது.

“அம்மா, இங்க மழை கொட்டுது. ஜன்னல்ல படபடன்னு கேக்குது. நீ குடை எடுத்துட்டுப் போனியா?”

“இல்லடா கண்ணு. இதோ வந்துடறேன்.”

விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மூன்று வருடங்களுக்கு முன் அந்த வெள்ளிக்கிழமை, நாலே முக்கால் மணிக்கு, ஒரு மருந்துக் கடைச் சுவரைப் பார்த்து அந்தக் குட்டி முகவரியைத் தட்டிய ஒரே ஒருத்தர், மறுநாள் ஆறு வயது முடியவிருந்த, அப்போதெல்லாம் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்காத இந்த மகளைக் கையில் பிடித்தபடி நின்ற அவளேதான்.