டிரம் எழும்புச்சு!

"மாட்டுச் சாணியில எரியற நெருப்புலயா எம் பேரனுக்குப் பால் காய்ச்சப் போறே? தூ!"

செல்லாயி போட்ட சத்தத்தில், கொல்லையில் குழி வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் கடப்பாரையை நிறுத்திவிட்டார்கள்.

மருமகள் சுகுணா இடுப்பிலிருந்த குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். கர்... கர்... இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

"அடுப்புப் புகை இவனுக்கு ஆகவே ஆகாதும்மா. இன்னொரு தடவை பலமா இழுத்துட்டா, என் கையில ஒண்ணுமில்லே" என்று நாமக்கல் டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. விறகு அடுப்பை மூட்டினால் புகை நேராகத் தொட்டிலுக்குத்தான் போகிற வீடு அது.

சேலம் கான்வென்ட்டில் படித்தவள். சாணியிலிருந்து எரிவாயு எடுக்கிற கோபர் கேஸ் பற்றிப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, கணவன் வேலுசாமியை நச்சரித்து, மாமனார் அப்புசாமியைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

அந்தக் குழியில் தொட்டி கட்டியாயிற்று. சாணியும் கோழிப் பண்ணைக் கழிவும் கரைத்து ஊற்றியாயிற்று. கேஸ் சேர்ந்தால் மேலே கவிழ்த்த இரும்பு டிரம் தானாக எழும்ப வேண்டும்.

டிரம் அசையவே இல்லை.

பார்க்க வந்த கோபர் கேஸ் ஆபீசர், "மார்கழிக் குளிரில்லீங்களா, லேட்டாகும். ஏற்கெனவே ஓடற தொட்டியிலேருந்து கரைசல் கொண்டுவந்து கொஞ்ச நாள் ஊத்துங்க. பாலுக்கு உறை ஊத்தற மாதிரிதான். சோப்புத் தண்ணி மட்டும் பட்டுடக் கூடாது. பட்டா எல்லாம் வீண்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் ஓடுகிற தொட்டி ஒன்றே ஒன்று. அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம், அப்புசாமியின் அண்ணன் வீட்டில்.

கிணற்றுத் தண்ணீர் முறைச் சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று பல வருஷம். 'அந்த ஊட்டுத் தண்ணி ஒரு சொட்டு எங்க வாசப்படி ஏறாது' என்று மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவள் செல்லாயி.

"நான் போயி அந்த ஊட்டுப் பெரியத்தையைக் கேக்கட்டுங்களா அத்தை?"

"என்ற மருமவ அந்த வாசல்ல போயிக் கையேந்தறதா? காலை ஒடிச்சுப்போடுவேன்!"

அப்புசாமி துண்டை உதறினார். "பொங்கச் சந்தைக்குள்ள எரியோணும். இல்லாட்டி டிரம்மைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு வாரேன்."

அன்று சாயங்காலம் குழந்தைக்கு மறுபடி இழுத்தது. உதடு நீலம் பாரித்துத் தெளிகிறவரை சுகுணாவுக்கு உயிர் இல்லை. செல்லாயி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள். விடிந்தும் விடியாத நேரம். கொல்லைக்கு வந்த சுகுணா திகைத்து நின்றாள்.

தொட்டியோரம் மாமியார். கையில் பழைய எண்ணெய் டின். சாணி கலக்குகிற குழிக்குள் எதையோ கடகடவென்று கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னங்க அத்தை ஊத்துனீங்க?"

செல்லாயி டின்னை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"சோப்புத் தண்ணிதானுங்களே? எம் பையன் மூச்சு உங்களுக்கு அவ்வளவு எளப்பமாப் போச்சுங்களா?"

சத்தம் கேட்டு அப்புசாமியும் வேலுசாமியும் ஓடி வந்தார்கள்.

"என்னத்தடி ஊத்துனே?"

"ஊத்துனேன். அதுக்கென்ன இப்போ?" செல்லாயி டின்னைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

அன்றிலிருந்து சுகுணா தொட்டிக்குக் காவல். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடியற்காலையே வந்து உட்கார்ந்துவிடுவாள். செல்லாயி வேலியோரம் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

சந்தை நெருங்கியபோது வேலுசாமி கத்தினான். "சுகுணா! டிரம்மு எழும்புச்சு!"

முதலில் சேர்ந்த கேஸ் எரியாது, திறந்து விட்டுவிடுங்கள் என்று ஆபீசர் சொல்லியிருந்தார். விட்டார்கள். டிரம் மறுபடி எழும்பியது.

சந்தை நாள் காலை. புது அடுப்பைச் சுற்றித் தெருவே கூடிவிட்டது.

"அம்மிணி, தள்ளி நின்னு பத்த வை. குப்புனு வந்தா மீசை பொசுங்கிரும்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"மீசை இருக்கறவங்க தள்ளி நில்லுங்க" என்றாள் சுகுணா. தீக்குச்சியைக் கிழித்தாள்.

பப்!

வட்டமாக நீல நெருப்பு. துளிப் புகை இல்லை.

"எரியுதுடோய்!" வேலுசாமி மகனைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். அப்புசாமியே விசில் அடித்தார். சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலை அடுப்பில் ஏற்றினாள்.

மனசு நிரம்பியும் நாக்கு சும்மா இருக்கவில்லை. "நான் காவல் இருந்ததாலதானுங்க மாமா பிடிச்சுது. இல்லாட்டி இதையும் சோப்புத் தண்ணி ஊத்திக் கெடுத்திருப்பாங்க."

செல்லாயி தலை குனிந்து நின்றாள்.

"ஏண்டி செல்லாயி!"

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியத்தை கண்ணாத்தாள். கையில் அதே எண்ணெய் டின்.

"கோழி கூப்பிடற நேரத்துக்குத் தவறாம வந்து எங்க தொட்டியில கரைசலை மொண்டுக்கிட்டுப் போனவ, என்னமோ திடீர்னு டின்னையும் வேலியோரமே போட்டுட்டு நின்னுட்டே. உறை ஊத்துனது போதுமா, இன்னும் வேணுமா?"

சுகுணாவின் கையிலிருந்து தீப்பெட்டி நழுவியது. "அத்தை..."

"பால் பொங்குது பாரு அம்மிணி, எறக்கு. மொத டம்ளரைப் பெரியத்தைக்குக் குடு" என்றாள் செல்லாயி, பேரனை வாங்கி இடுப்பில் வைத்தபடி.

அப்புசாமிக்கு வாய் மூடவில்லை. "ஏண்டி, கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணுனவ நீதானே?"

"தண்ணி வேண்டாம்னுதானுங்க அடிச்சேன். சாணி வேண்டாம்னா அடிச்சேன்?"