கழுத்துப் பொத்தான்

கிணற்றடிச் சீமெந்தில் பாசி வழுக்கி, வாளியும் தானுமாக மல்லாக்க விழுந்தார் ஆழ்வாப்பிள்ளை.

எழும்பப் பார்த்தார். வலது கால் அசையவில்லை. இடுப்பில் ஏதோ முறிந்துபோன மாதிரி ஒரு வலி கிளம்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு முதலில் வேட்டியைச் சரிசெய்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும்.

அந்தக் குரலை மட்டும் அவர் கொடுக்க மாட்டார்.

அடுத்த வளவுக்காரனோடு முகம் முறிந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. எல்லை வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டது யார் என்று தொடங்கிய வழக்கு, இரண்டு பக்கத்து அப்புக்காத்துமாரும் மேல்மாடி கட்டும்வரை நடந்தது. கடைசியில் ஓலை வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆளுயரத்துக்கு மேல் தகரம் அடித்தார் ஆழ்வாப்பிள்ளை. மனைவி இரத்தினம்மாவின் செத்தவீட்டுக்குக்கூட அங்கே சொல்லிவிடவில்லை. அந்தாள் ஒழுங்கை முகப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

நல்ல வேளையாகக் கழுத்தில் பொத்தான் இருந்தது.

போன தைப்பொங்கலுக்குக் கனடாவிலிருந்து வந்த மகன் கிருஷாந் மாட்டிவிட்டது. உருத்திராட்சத்தோடு சேர்ந்து தொங்கும் சிவப்புப் பொத்தான். தனியே இருக்கிற வயதானவர்களுக்கென்றே செய்ததாம். அழுத்தினால் அங்கே மகனுடைய தொலைபேசி அலறும், ஆள் எந்த இடத்தில் என்றும் காட்டும். அவன் உடனே இங்கே ஓர் ஆளை அனுப்புவான்.

"ஆரையடா அனுப்புவாய்?" என்று அப்போதே கேட்டார்.

"அதெல்லாம் நான் ஒழுங்குபடுத்தியிருக்கிறன் அப்பா. நீங்கள் அமத்தினால் காணும்."

சந்தியில் ஓட்டோ வைத்திருக்கும் லெனாட்டாகத்தான் இருக்கும் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். மதில் ஏறிக் குதிக்கக்கூடிய பொடியன்.

அந்தப் பொத்தானில் அவருக்கு மிகவும் பிடித்தது ஒன்றுதான். வாயைத் திறந்து எவனையும் கூப்பிட வேண்டியதில்லை.

அழுத்தினார்.

வீட்டுக்குள் இருந்த பெட்டி ஆங்கிலத்தில் ஏதோ மரியாதையாகச் சொன்னது. ஆழ்வாப்பிள்ளை கண்ணை மூடி ஓட்டோச் சத்தத்துக்குக் காத்துக் கிடந்தார். வெயில் நெஞ்சுக்கு ஏறியது. சமைத்துக் கொடுக்கும் உதயகலா இன்றைக்கு விரதம், நாளைக் காலைதான் வருவாள். பொத்தானை விட்டால் வேறு நாதியில்லை.

தொலைபேசி அடித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம்.

தேங்காய் உரிக்கும் சத்தம் நின்றது.

"ஓம் மோனை, சொல்லு... எங்கை, கிணத்தடியிலையோ? பொறு, நான் பாக்கிறன்."

ஊரில் இத்தனை சனம் இருக்க, பெற்ற பிள்ளை தேடிப்பிடித்த ஆள் இவன்தானா! தனக்குத் தெரியாமல் எத்தனை காலமாக இந்தக் கள்ளக் கதை நடக்கிறதோ! இடுப்பு வலியைவிட அதுதான் கூடச் சுட்டது.

செருப்புச் சத்தம் ஒழுங்கைப் பக்கம் ஓடியது. முன்படலை குலுங்கியது. உள்ளே ஆமைப்பூட்டு, அதைத் திறக்கும் திறப்பு ஆழ்வாப்பிள்ளையின் இடுப்பில். மதிலுக்கு மேலே உடைந்த போத்தல் ஓடு. கள்ளர் வராமலிருக்க அவரே நின்று பதிப்பித்தது.

செருப்புச் சத்தம் திரும்பி ஓடிவந்தது. மூச்சிரைப்பு தகரத்தினூடாகக் கேட்டது. அந்தாளுக்கும் எழுபது தாண்டிவிட்டது.

அடுத்து, தேங்காய் உரித்த இரும்பு அலவாங்கு தகரத்தில் விழுந்தது.

ஓர் ஆணி கழன்றது. இன்னோர் ஆணியும் கழன்றது. தகரத்தின் மூலை மடங்க, அந்த நீக்கலுக்குள்ளால் ஒரு கை தெரிந்தது. தும்பு ஒட்டிய, நரம்பு புடைத்த கை.

ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறந்தார். 'இஞ்சை கிடக்கிறன்' என்றுதான் சொல்ல வந்தார். சத்தியமாக அதைத்தான்.

"வேலியிலை கை வைச்சியெண்டால் நாளைக்குக் கோட்டிலை நிப்பாய்!"

அலவாங்கு நின்றது.

தான்தான் அப்படிக் கத்தியதென்று அவருக்கே நம்ப முடியவில்லை. இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி, வேலி என்றதும் அந்த வசனம்தான் வாயில் வருகிறது. பாழாய்ப்போன வாய்.

காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். இன்னும் ஓர் ஆணி கழன்றால் பேசாமல் இருந்துவிடுவேன் என்று நினைத்தார். தூக்கிவிடும்போது அந்தத் தோளைப் பிடித்துக்கொள்ளவும் தயார். அடியடா, இன்னும் ஒருக்கால் அடியடா என்று மனது கெஞ்சியது.

கை மெல்லப் பின்னால் போனது.

"கொப்பருக்கு ஒண்டுமில்லை மோனை. குரல் நல்லாத்தான் இருக்கு. என்னை வரவேண்டாமாம்."

மடங்கிய மூலை நிமிர்ந்தது. கழன்ற ஆணிகள் திரும்பவும் பழைய இடத்திலேயே அறையப்பட்டன. செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

ஒரே வயிற்றில் பிறந்த தம்பி, வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணன் சொல்லைக் கேட்டான்.