ஒரு நாளைக்கு ஒரு ஃபைல்

"இன்னிக்கும் ஒரே ஒரு ஃபைல்தானா?" உத்திரமேரூரில் அப்பாவின் பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் ஷிபானா கேட்டாள்.

"இன்னா பண்றதுங்க? எல்லாம் அமெரிக்கா சர்வர்ல கீது. ஒண்ணொண்ணாத்தான் எறக்கணும். நாளிக்கும் வரேன்," என்றான் பர்வேஸ்.

ஆறு மாதம் இப்படியே போயிற்று. பிறகு, அவனுடன் அவன் அம்மா ஷாஜாதி பெண் கேட்டு வந்தாள்.

"எம்புள்ள கெட்டிக்காரன்! ஸ்கிரீன்ல பொட்டி பொட்டியா வச்சி, கோடு இழுத்தே புரோகிராம் பண்ணிக்கீறான். எந்த ஊரு சர்வர்னாலும் அத்தினி ஃபைலும் ஒரே கிளிக்ல வந்துடுமாம். போன வருசமே காலேஜ்ல பரிசு குடுத்தாங்க!"

பர்வேஸ் தலை குனிந்தான்.

ஷிபானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நல்ல கம்ப்யூட்டர்கள் காலியாகக் கிடந்தும், இருப்பதிலேயே மெதுவானதில் அவனைத் தினமும் உட்கார வைத்தவள் அவள்தானே!