மூவாயிரம் ரூபாய் கேபிள்

"மூவாயிரம் ஆனாலும் பரவால்ல தம்பி, அந்தத் தங்க முலாம் கேபிளையே மாட்டுங்க" என்றாள் சம்சாத் பேகம்.

விருத்தாசலம் கடைத்தெருவிலிருந்து இரண்டு கேபிள்களோடு மாட்டிக்கொடுக்க வந்திருந்த கடைப்பையன் திலீபன் தலையைச் சொறிந்தான். செட்டாப் பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவே மாட்ட இருநூறு ரூபாய் கேபிளே தாராளம் என்று கடையிலேயே சொல்லிப் பார்த்திருந்தான். அந்தம்மா கேட்டால்தானே!

பாவம், அவளுக்கு வாய்த்ததெல்லாம் மட்டமாகவே இருந்தது. குவைத்திலிருந்து மகன் ஃபாயிஸ் பணம் அனுப்பி வாங்கிய டிவி, ஒரே வருஷத்தில் மங்கிப்போனது. போன வாரம் மாற்றிய டியூப் லைட்டும் அழுது வடிந்தது. அவள் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் செராமிக் கம்பெனியிலோ பெயிண்ட்டே சரியில்லை. மயில் பொம்மைக்கு எத்தனை தடவை நீலம் தீட்டினாலும் வெளுத்தே தெரிந்தது. சரி, இன்னொரு பூச்சு கொடுப்போம் என்று கொடுத்தாள். அதற்குப் போய், கலரை அள்ளி அப்பியிருக்கிறாள் என்று முதலாளி நாற்பது மயிலைத் திருப்பிவிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால், இருபது வருஷமாகப் பிடித்த பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான். அந்த வயிற்றெரிச்சலில், வீட்டில் டிவியாவது பளிச்சென்று தெரியட்டுமே என்று கேபிள் வாங்கக் கிளம்பிவிட்டாள்.

திலீபன் முதலில் இருநூறு ரூபாய் கேபிளை மாட்டினான். மங்கல். அடுத்து மூவாயிரத்தை மாட்டினான். அதே மங்கல்.

"இத்தன காசுக்கும் இந்த லட்சணந்தானா?" என்றாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளி திருப்பிவிட்ட மயில்களில் ஒன்று டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. திலீபன் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு இரண்டு கேபிளையும் சுருட்டிப் பைக்குள் போட்டான்.

"அம்மா, இந்த மாதிரி கேபிள்ல படம் வந்தா முழுசா வரும், இல்லாட்டி கட்டங்கட்டமா ஒடஞ்சு போவும். மங்கலா மட்டும் வரவே வராது."

"அப்ப டிவிதான் கெட்டுப்போச்சா?"

"டிவி சும்மா பளிச்சுனு இருக்குதும்மா. எங்கம்மாவுக்கு வந்த மாதிரி உங்களுக்கும் கண்ணுலதான் புரை விழுந்திருக்கும்போல. நாளைக்கே பெரியாஸ்பத்திரியில காட்டுங்க, ஆபரேஷன் முடிஞ்சா மயிலுக்கு ஒரே பூச்சு போதும்."