டர்போ போன வண்டி

டிரைவர் யூனிபாரம் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான். கம்பெனியை மூடி மாதக்கணக்கில் ஆகிவிட்டது, ஆனாலும் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். அதைப் பார்த்ததுமே மெக்கானிக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாடகைக்கு ஓட்டத்தான் வண்டி வாங்குகிறான்.

அந்தக் கம்பெனியில் இவன் ஓட்டிய வேனை அவர்தான் பழுது பார்த்துவந்தார். அந்தப் பழக்கத்தில்தான், ஒரு பழைய வண்டி இருக்கிறது, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தான். மனைவியும் சின்ன மகளும் கூட வந்திருந்தார்கள். கம்பெனி கடைசியாகக் கொடுத்ததில் மிச்சம் இருந்ததெல்லாம் அவன் சட்டைப் பையில் இருந்தது. அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வண்டி ஒரு டர்போ ஸ்டேஷன் வேகன். பின்பக்கம் நீளமாக, சாமான் செட்டோடு ஒரு குடும்பமே ஊர் சுற்றக்கூடிய ரகம். விற்கிற புரோக்கர் வாயாலேயே வண்டி ஓட்டுகிறவர். டாக்டர் ஒருத்தர் வைத்திருந்தது, வீட்டையும் ஆஸ்பத்திரியையும் விட்டால் வேறெங்கும் போனதே கிடையாது என்றார்.

மெக்கானிக் பானெட்டில் கை வைத்தார். சுட்டது. ஆறிக் கிடக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் புகை காட்டிக்கொடுத்துவிடும் என்று, இவர்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டு வைத்திருக்கிறார் மனிதர்.

ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளே மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவின் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டால், பக்கவாட்டில் அசையவே கூடாத தண்டு விழப்போகிற பல் மாதிரி ஆடியது. டாக்டர் தன் வண்டிக்கு வைத்தியமே பார்க்கவில்லை போலிருக்கிறது.

இங்கே இவர் கையெல்லாம் ஆயிலாகப் போராடிக்கொண்டிருக்க, டிரைவரின் மனைவிக்கு இன்ஜின் பக்கம் கண்ணே போகவில்லை. பின்சீட்டை மடக்கச் சொன்னாள். மகளைப் படுக்க வைத்து, தானும் பக்கத்தில் கால் நீட்டிப் பார்த்தாள். கதவை உள்ளேயிருந்து பூட்ட முடியுமா என்று கேட்டாள்.

"தாராளமா பூட்டலாம்மா. ஊருக்குப் போறப்ப குழந்தை நல்லா தூங்கிட்டே வரும்" என்றார் புரோக்கர். மெக்கானிக்குக்கு எரிச்சலாக வந்தது. இதயம் நின்றுபோன வண்டிக்கு மெத்தை பார்க்கிறார்களே என்று மனதுக்குள் திட்டினார்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று டிரைவரை உட்கார வைத்தார். வண்டி புரோக்கர் ஷெட்டின் கேட்டைத் தாண்டுவதற்குள் நீலப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. மறுபடி உயிர் வரவில்லை. மூன்று பேரும் சேர்ந்து உள்ளே தள்ளினார்கள். புரோக்கர் தள்ளும்போதே விலையையும் கொஞ்சம் இறக்கினார்.

மெக்கானிக் டிரைவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. வேலையும் போய், இருக்கிற காசும் போய், இந்தப் பெண்ணையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு இவன் என்ன செய்வான்.

"வேணாம்பா. டர்போ போச்சு, இன்ஜினும் போச்சு. காயலான் கடைக்குப் போக வேண்டியதை உன் தலையில கட்டப் பாக்குறான்" என்றார்.

அவன் சரி என்று தலையாட்டினான். ஆனால் அடுத்த கேள்வியே, கண்ணாடி எல்லாம் சரியாக ஏறி இறங்குகிறதா என்றுதான். மெக்கானிக்குக்குக் கோபம் தலைக்கேறியது. ரெண்டு மாதம் பொறுத்துக்கொள், ஓடுகிற வண்டியாக நானே பார்த்துத் தருகிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"இன்னைக்கே வேணும்ண்ணே" என்றான். வானம் ஒரு பக்கமாக இருட்டிக்கொண்டு வந்தது.

அவன் பையிலிருந்ததை எடுத்துப் புரோக்கர் கையில் கொடுத்தபோது மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் எதிரிலேயே ஒருவன் கிணற்றில் இறங்குகிறான், கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டேன் என்கிறான். இனி இவனுக்காக ஒரு ஸ்க்ரூ கூடத் திருகக் கூடாது என்று முடிவு செய்தார். அந்த முடிவு அவருக்கே கஷ்டமாக இருந்தது.

புரோக்கருக்கோ காசு கைக்கு வந்ததும் தாராளம் பொங்கியது. லாரியில் ஏற்றி வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவதாகச் சொல்லி, அட்ரஸ் கேட்டார்.

டிரைவர் வாயைத் திறந்தான். மனைவியைப் பார்த்தான்.

மெக்கானிக்கால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அட்ரஸைச் சொல்லேன்பா. ஓடாத வண்டிய வாசல்ல நிறுத்தி வச்சு அழகு பாரு" என்றார்.

அவள் மகளின் தலையை முந்தானையால் மூடினாள். முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. பிறகு கையை உயர்த்தி, வண்டியின் கூரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிக்கொண்டே சொன்னாள்:

"இனிமே எங்களுக்கு இதுதாண்ணே வீடு, ஓட வேணாம், ஒழுகாம இருந்தா போதும்."