உப்பலான் சொன்னதும் குறுணி கேட்டதும்

நட்சத்திரங்கள் பிறக்கிற கரிய மேகம் ஒன்று வானத்தில் இருந்தது. அதற்குள் ஓடிய நீண்ட இழையில் உப்பலான், குறுணி என்று இரண்டு வாயுத் திரள்கள். உப்பலானுக்கு உடம்பு பெரிது, சூடும் ஜாஸ்தி, உள்ளே எந்நேரமும் கொந்தளிப்பு. குறுணியோ சில்லென்று இறுகிக் கிடக்கும்.

"இந்த மேகத்துல முதல்ல எரியப்போறது நான்தான். என் அகலத்தைப் பாத்தியா?" என்றது உப்பலான். அதில் அதற்குத் துளியும் சந்தேகமில்லை.

"ஆமாண்ணே," என்றது குறுணி. "சரியாக் கேக்கல. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து சொல்லுங்க."

இத்தனை மரியாதையாகக் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? உப்பலான் இழையோடு சரிந்து வந்து சொன்னது. அப்படிக் கிட்டே வந்த அதன் உடம்பின் பாகத்தைக் குறுணியின் கனம் இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டது. உப்பலான் அதைக் கவனிக்கவில்லை. சொல்ல இன்னும் நிறைய இருந்தது. வந்து வந்து சொன்னது.

கடைசியில் இழையில் உப்பலான் இருந்த கோடி காலியாகிவிட்டது. குறுணியின் நடுவில் தீ பற்றி, மேகமே வெளுத்தது.

"பாத்தியா, நான்தான் முதல்ல எரிவேன்னு அப்பவே சொன்னேன்ல," என்றது உப்பலான், குறுணியின் வயிற்றுக்குள்ளிருந்து.

"ஆமாண்ணே," என்றது குறுணி.