பழைய சாவி

மரியதாஸ் கைநீட்டி அடித்த அன்று மகன் ஜோயல் பைக்கை விட்டுவிட்டு, அதன் சாவியோடு வீட்டைவிட்டு இறங்கிப்போனான். மாதங்கள் ஓடின. ஓடாத வண்டியை வாசலில் பார்க்கச் சகிக்காமல் அவர் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்.

“புதுச் சாவிய வண்டி கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா பழச அது மறந்துரும் அண்ணாச்சி. தம்பி திரும்பி வந்தா?”

“அவன் எங்க வரப்போறான்? ஏத்துடே.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட் திறக்கும் சத்தம் கேட்டு ஜன்னல் வழியே பார்த்தார். ஜோயல் பைக்கில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். வண்டி உறுமவில்லை, சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கியது. அவருடைய உள்ளங்கை வேர்வையில் புதுச் சாவி பிசுபிசுத்தது. வெளியே போகாமல் ஜன்னலோரமே நின்றார்.

ஜோயல் சாவியை உருவி, சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, மறுபடியும் போட்டான்.